சொட்டு சிஸ்டரும் ஒரு மணி நேரத் திட்டும்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குச் சொட்டு சிஸ்டர் என்று பெயர். தலையில் பலத்த அடிபட்ட பிள்ளைகளின் மூளைக்குள் டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை வைப்பார். அதன் வழியே ஊறிவரும் திரவம் ஒரு குட்டிக் குப்பியில் கடுகளவு சேரும். மணிக்கொரு தடவை குப்பியை மாற்றி, எடுத்ததைக் கருவிக்குள் வைத்து, மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

"காபிக்குச் சர்க்கரை போதுமான்னு கேட்டா, ஒரு மணி நேரம் கழிச்சு சொல்றேங்கிறா" என்று அவள் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று படுக்கையில் இருந்தது மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்த சிறுமி. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அவள் மூளையில் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது.

"ரத்தத்துல சரியாத்தான் இருக்கு, மூளைக்குத்தான் பத்தலை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த ஓடுற இன்சுலினைக் குறைச்சிருக்கேன். அடுத்த குப்பியில ஏறணும்" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

அடுத்த குப்பி வந்தது. திரையில் சர்க்கரை: பூஜ்ஜியம்.

"சிஸ்டர்! ஜீரோவா?" தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தாள் சொட்டு சிஸ்டர். அதற்குள் மற்றப் பொருள்களின் அளவைக் காட்டும் அடுத்த வரிகள் கண்ணில் பட்டன. எல்லாமே பூஜ்ஜியம்.

"இருங்கம்மா. எந்த மூளையும் இப்படி எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்தாது. இது காலிக் குப்பி."

படுக்கையருகே போய்ப் பார்த்தால், குழாய் முனையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஈரமாக இருந்தது. போன தடவை குப்பியைச் சரியாக அழுத்தாமல் வைத்திருக்கிறாள்; திரவம் வெளியே கசிந்திருக்கிறது.

"தப்பு என்மேலதான்மா. பாப்பாவுக்கு ஒண்ணுமில்லை, எனக்குத்தான் மூளை வேலை செய்யலை."

"உசிரே போயிடுச்சு! உங்களைத் திட்டலாமா கூடாதா?"

"தாராளமா. சத்தம் போடாம திட்டுங்க."

தாய் கிசுகிசுவென்று ஆரம்பித்தாள். குப்பியில் தொடங்கி, சிஸ்டரின் கீச்சிடும் செருப்பு, ஆடுகிற ஸ்டூல், உப்பில்லாத கேன்டீன் சாப்பாடு வரை ஒன்றையும் விடவில்லை. சொட்டு சிஸ்டர் குழாயைச் சரிபார்த்தபடி எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றாள்.

ஒரு மணி நேரம் கழிந்து டாக்டர் வந்து நிற்க, புதுக் குப்பி கருவிக்குள் போனது. தாய் திரையைப் பார்க்கவில்லை. இவர்கள் முகங்களைப் பார்த்தாள்.

"ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "கொஞ்சம்தான். ஆனா ஏறுது."

"நிஜமாவா சிஸ்டர்?"

"நிஜமாத்தாம்மா. மத்த வரியும் சரியா இருக்கு. நீங்க திட்டி முடிச்சாச்சா?"

அடுத்த குப்பியை நன்றாக அழுத்தி வைத்துவிட்டுத் திரும்பினாள் சொட்டு சிஸ்டர். ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, மகளின் காலருகே தலை சாய்த்துத் தாய் தூங்கிப் போயிருந்தாள்.