இரண்டு கார்டுக்கும் ஒரே நம்பர்

எனக்கு மறதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவளை இப்போதும் ஆவடி மார்க்கெட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம், அவள் ஒன்றும் புரியாமல் சிரிப்பாள். இப்படிப்பட்டவள் தலையில் பழியைத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்று, பூந்தமல்லியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் பழைய முதலாளி கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அவரிடம் கல்யாண போட்டோ எடுக்கும் வேலையில் இருந்தேன். மேடையில் அவர் மாப்பிள்ளை பக்கம் நிற்பார், நான் பெண் பக்கம். இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி கேமரா. எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானே ஒரு நம்பர் போட்டுக்கொள்ளும். அதை இரண்டு விதமாக வைக்கலாம். கார்டை மாற்றினாலும் விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டே போவது ஒரு விதம். காலி கார்டைப் போட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது இன்னொரு விதம். முதலாளிக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கடைசி நம்பரைப் பார்த்தால் எத்தனை படம் எடுத்தோம் என்று தெரிந்துவிடுமாம்.

"ண்ணா, ரெண்டு கேமராவும் ஒண்ணுலருந்து ஆரம்பிச்சா ஒரே பேர்ல ரெண்டு படம் வரும். காப்பி பண்றப்போ ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடும்" என்று ஒருமுறை சொன்னேன்.

"இன்னாமா, எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி கேமரா புடிச்சவன் நானு. போய் பேட்டரிய சார்ஜ்ல போடு."

போட்டேன். ஆனால் கம்ப்யூட்டரில் காப்பி செய்யும்போது அவர் கார்டுக்கு ஒரு ஃபோல்டர், என் கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று தனித்தனியாக வைப்பேன். நான் காப்பி செய்தவரை ஒரு படம்கூடக் காணாமல் போனதில்லை. அதற்காக ஒருநாளும் அவர் என்னைப் பாராட்டியதில்லை.

திருவேற்காட்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குடும்பம் குவார்ட்டர்ஸில். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் அட்சதையோடு எழுந்து மறைத்தார்கள். நான் ஒரு நாற்காலி மேல் ஏறிக்கொண்டு எடுத்தேன். எடுத்ததைத் திரையில் பார்த்தேன். நல்ல படம் என்று எடுத்த கைக்குத் தெரியும், அப்படி ஒரு படம். மூலையில் 347 என்று நம்பர் இருந்தது.

மறுநாள் எனக்கு லீவு. கார்டுகளை முதலாளியே காப்பி செய்தார். என் கார்டை முதலில் போட்டார், பிறகு அதே ஃபோல்டரில் அவருடையதைப் போட்டார். ஏற்கெனவே இதே பேரில் படங்கள் இருக்கின்றன, மாற்றிவிடலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கும். மரியாதையாகத்தான் கேட்கும். மனிதர் எல்லாவற்றுக்கும் சரி என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். அப்புறம் இரண்டு கார்டிலும் இருந்த படங்களை அழித்துவிட்டு நசரத்பேட்டையில் ஒரு ரிசப்ஷனுக்கு எடுத்துப் போய்விட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

படங்களைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா கடைக்கு வந்து நின்றார். தாலி கட்டும் படங்களில் மாப்பிள்ளை பக்கத்துக் கைகள்தான் இருக்கின்றன, பெண்ணின் முகமே இல்லை என்றார். கடையில் கூட்டம். முதலாளி ஒரு நொடிகூடத் தயங்காமல் என் பக்கம் கையை நீட்டினார்.

"இத்த கேளு சார். பொண்ணு பக்கம் இதான் நின்னுது. தாலி கட்டற நேரத்துல பந்தியில போய் குந்திகினு இருந்திருக்கும்."

பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் பிள்ளைக்குக் கல்யாணம் இன்னொரு தடவையா நடக்கும்? சோறுதான் பெருசுன்னா நீ எதுக்கும்மா கேமராவத் தூக்குத?"

கல்யாணத்தன்று மத்தியானம் வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டுங்கள் என்றேன், முதலாளி என்னை வெளியே போகச் சொன்னார். அந்த வாரத்துக்குள் மண்டபங்களில் போட்டோ எடுக்கிற பையன்கள் எனக்குப் 'பந்தி அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள். வேறு ஸ்டுடியோக்களில் வேலை கேட்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. என்னிடம் இருந்தது இந்தத் தொழிலும் அதில் ஒரு பேரும்தான். இரண்டும் போனது.

அழுதேன். அது ஒருநாள். அப்புறம் அழுகை நின்று எரிச்சல் வந்தது. எரிச்சல் எனக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும்.

அந்தப் பெண் கல்யாணமாகி அம்பத்தூரில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினேன். "உங்க அப்பா திட்டினதைப் பத்திப் பேச வரல. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஸ்டுடியோவுல குடுத்த பென்டிரைவை ஒருதடவை என் எதிர்ல திறங்க, போதும்" என்றேன். அவளுக்கு விருப்பமில்லை. ஆனாலும் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள்.

நம்பர் வரிசையில் நகர்த்தச் சொன்னேன். விடிகாலையில் ஆரம்பித்து மாலை மாற்றல், தாலி, பந்தி, கடைசியில் சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறுகிறார்கள். அது 612. அடுத்த படம் 613. அதில் காரும் இல்லை, சாயங்காலமும் இல்லை. காலையில் மேடையில் மொய்க் கவர் கொடுக்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள், அதுவும் பெண் பக்கத்திலிருந்து எடுத்தது.

"காருல ஏறினப்புறம் எதுக்குக்கா திரும்ப மொய்?" என்றாள்.

"612 வரைக்கும் அவர் எடுத்தது. அவர் கார்டு அங்க முடிஞ்சுது. 613லருந்து என்னோடது. என் முதல் 612 படத்து மேல அவர் படம் உக்காந்துடுச்சு."

அவள் மறுபடி பின்னால் நகர்த்தி, தாலி கட்டும் இடத்தில் நிறுத்தினாள். முதலாளி எடுத்த படம். முன்னால் முழுக்கக் கைகள். கைகளுக்கு நடுவில், எதிர்ப்பக்கம், நாற்காலி மேல் ஒருத்தி நிற்கிறாள். கேமரா கண்ணில். நான்தான்.

பெண் என்னைப் பார்த்தாள். "அப்பாவை வரச் சொல்றேன்" என்றாள்.

கடைக்கு எப்போது போவது என்று நான்தான் முடிவு செய்தேன். முகூர்த்த மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம், நிற்க இடமிருக்காது. பெண், அவள் அப்பா, நான், மூன்று பேரும் போனோம். லேப்டாப்பை மேஜையில் வைத்து 612ஐயும் 613ஐயும் காட்டினேன். பிறகு அவர் எடுத்த படத்திலேயே நான் நிற்பதைக் காட்டினேன்.

"யாருண்ணா இது? பந்தியில குந்திகினு இருந்தவளா?"

முதலாளிக்கு வியர்த்தது. "கம்ப்யூட்டர் மிஸ்டேக்குமா..." என்று இழுத்தார். பெண்ணின் அப்பா அவரைத் திட்டிய திட்டை நான் கண்ணை மூடிக் கேட்டேன். கச்சேரி கேட்ட சுகம். வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள்.

முதலாளி என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தார். வேண்டாம் என்றேன். "இந்தப் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் பண்ணி, ரோட்டைப் பார்த்து உங்க ஷோகேஸ்ல மாட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் கழட்டக் கூடாது. கழட்டினா அந்த பென்டிரைவ் மண்டபம் மண்டபமா போகும்."

மாட்டினார். அழகழகான மணப்பெண்களுக்கு நடுவில், கையும் முதுகுமாக ஒரு மட்டமான படம். பார்க்கிறவர்கள் எல்லாம், இதை ஏன் மாட்டியிருக்கிறீர்கள், நாற்காலி மேல் நிற்பது யார் என்று அவரைக் கேட்பார்கள். ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்த்துக்கொள்வேன். இப்போது எனக்குச் சொந்தக் கேமரா இருக்கிறது, அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் சின்னக் கடையும் இருக்கிறது. என் கேமரா விட்ட இடத்திலிருந்து எண்ணும். அந்தப் படம் இன்னமும் அவர் ஷோகேஸில்தான் இருக்கிறது. கழட்டலாம் என்று நான் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் முன்பு பெண்ணின் அப்பா என் கடைக்கு வந்தார். வயது தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தாலி கட்டுத நேரத்துல என்னைய எல்லாரும் பின்னால தள்ளிட்டாவ. எந்தப் படத்துலயும் நான் இல்ல. நீ எடுத்தியே, அது போயிட்டு, சரிதான். அதுலயாவது நான் இருந்தேனாம்மா?"

இருந்தார். பெண்ணின் தோளுக்கு நேர் பின்னால், கூட்டத்தின் இடுக்கில். அட்சதையைப் போட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார். பெண் திரும்பி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி கழுத்தில் ஏறும்போது மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அந்தப் படத்தைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

லென்ஸை மூடி வைத்தேன்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.