வீட்டுக்குள் ஒரு டவர்

எங்கள் வீட்டுக்குள் செல்போன் எடுக்காது. தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்காலை ஒட்டிய ஊர். டவர் மெயின் ரோட்டில் நிற்கிறது. நடுவில் வெறும் வயல்தான். ஆனாலும் கான்கிரீட் சுவரைத் தாண்டி உள்ளே வந்தால் சிக்னல் பெரும்பாலும் ஒரு கோடுகூட நிற்காது. ஊரில் யாரும் இதற்காக அலட்டிக்கொண்டதில்லை. பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்கு ஏறுவார்கள். எங்களால் அப்படி இருக்க முடியவில்லை. அக்கா ஒரு சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவளுடையது ஆகாது. என்னுடையது பொருந்தவில்லை. எங்கோ யாரோ மூளைச்சாவு அடைந்து, அந்தக் குடும்பம் மனது வைத்தால்தான் உண்டு. திருச்சி ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போதே அங்கிருந்த மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "எப்ப வேணாலும் கூப்பிடுவோம். உடனே கிளம்பி வரணும். போன் எடுக்கலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவோம். தப்பா நினைச்சுக்காதீங்க, எடுத்த கிட்னியை ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது." படிவத்தில் இரண்டு எண்கள் கேட்டார்கள். அக்காவுடையதையும் என்னுடையதையும் கொடுத்தேன்.

கோடை முழுக்க இரண்டு போன்களோடு கொசுவலைக்குள் மொட்டை மாடியில் படுத்தேன். பகலில் அம்மா அங்கேயே முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புரட்டாசி பிறந்து மழை பிடித்ததும் அது நடக்கவில்லை. ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு மாடியில் நின்ற அம்மாவைப் பார்த்து அக்கா அழுதுவிட்டாள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். சும்மா இருப்பேனா. வீட்டில் பிராட்பேண்ட் உண்டு, என் வேலையே அதில்தான் ஓடுகிறது. எங்கள் போன்களில் வைஃபை வழியாகப் பேசும் வசதி இல்லை. அந்தப் பிராட்பேண்டில் சொருகி வீட்டுக்குள்ளேயே சின்ன டவர் போல வேலை செய்யும் பெட்டி ஒன்று இருப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்காவின் போன் கம்பெனிக்குத் தஞ்சாவூரில் இருந்த கிளைக்குப் போனேன்.

"அது பெரிய ஆபீஸுக்குக் குடுக்கிறது தம்பி. வீட்டுக்கு எதுக்கு?" என்றார் அங்கிருந்தவர்.

அக்காவின் ஆஸ்பத்திரி ஃபைலை மேசையில் விரித்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார், மூடினார், யாருக்கோ போன் போட்டார். மூன்றாவது வாரம் பெட்டி வந்தது.

அந்தப் பெட்டி தன் கம்பெனி எண்களை மட்டும்தான் எடுக்கும். என்னுடையது வேறு கம்பெனி. சமையலறை ஜன்னலோரம் மட்டும் என் போனுக்கு ஒற்றைக் கோடு கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் அக்காவின் கம்பெனிக்கே மாற்றினேன். அம்மாவின் எண்ணையும் மாற்றினேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவையும் பேசிப் பேசி மாற்ற வைத்தேன். கூடத்தில் நின்றால் நான்கு கோடு. முதல் நாள் அக்கா கட்டிலில் படுத்தபடியே எனக்குப் போன் போட்டாள்.

"எங்கடா இருக்க?"

"உன் பக்கத்துலதான்."

"தெரியுது. சும்மா போட்டேன். கேக்குதுல்ல?"

நன்றாகவே கேட்டது. அன்றிலிருந்து போன்கள் கட்டிலருகிலேயே கிடந்தன.

எங்கள் ஊரில் இடி இடித்தால் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். முன்பு டிரான்ஸ்பார்மரில் மின்னல் இறங்கி, தெருவில் பாதி டிவியும் வயலில் மோட்டார் ஸ்டார்ட்டர்களும் கருகிப்போனதிலிருந்து இது வழக்கம். மேற்கே வானம் கருத்தால் போதும், யாராவது குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள்: "பிளக்கைப் புடுங்குங்க."

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அப்படித்தான் கருத்தது. அம்மா டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்தப் பெட்டி?"

இடி தலைக்கு மேலேயே விழுந்தது. பெட்டி கருகிப்போனால் இன்னொன்று வாங்க எத்தனை வாரம் அலைய வேண்டும் என்பதுதான் அப்போது என் நினைவில் இருந்தது. யுபிஎஸ், மோடம், பெட்டி மூன்றையும் நானே என் கையால் பிடுங்கினேன்.

"நான் வேணா போனை எடுத்துக்கிட்டு மாடிப்படில நிக்கவா?" என்றாள் அக்கா.

"இடியில யாராவது போனை வச்சுக்கிட்டு நிப்பாங்களா? படு. அரை மணி நேரம்தானே."

ஒரு மணி நேரம் ஆயிற்று. இடி கடல் பக்கமாக நகர்ந்த பிறகு எல்லாவற்றையும் சொருகினேன். பெட்டி உடனே எழுந்துகொள்ளாது; இடத்தையும் நேரத்தையும் சரிபார்க்கச் செயற்கைக்கோளைத் தேடி, கம்பெனியோடு பேசி, அப்புறம்தான் பச்சை விளக்கு எரியும். ஆரஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை வந்ததும் இரண்டு போனும் ஒன்றாக அதிர்ந்தன. தவறிய அழைப்புகள் பற்றிய குறுஞ்செய்திகள். அக்காவுக்கு நான்கு, எனக்கு மூன்று. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து.

கூப்பிட்டேன். அந்த மேடம்தான் எடுத்தார்.

"ரெண்டு நம்பருமே தொடர்பு எல்லைக்கு வெளியிலன்னு வந்துச்சு தம்பி."

"இப்பவே கிளம்பிட்டோம் மேடம். கார் நிக்குது. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்."

கார் நிற்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அடுத்தவங்க வந்துட்டே இருக்காங்க தம்பி. உங்களுக்காக முடிஞ்ச வரைக்கும் வச்சிருந்தேன்."

"மேடம், ஒரு தடவை டாக்டர்கிட்ட…"

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அக்காவைப் பாத்துக்கங்க."

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள், "கொஞ்ச நாளைக்கு எதையும் சரி பண்ணாம இருடா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தஞ்சாவூரில் அவளுக்கு டயாலிசிஸ். போகும் வழியிலேயே மேடத்திடம் போனில் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதாக ஓர் எண் கொடுக்கலாம், மெசேஜில் அனுப்பினால் போதும் என்றார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் உள்ள எண்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஊரில் அவசரத்துக்கு ஓடிவருகிறவர்கள் அத்தனை பேரையும் நானே ஒரே கம்பெனிக்கு மாற்றி வைத்திருந்தேன். பெட்டி நின்றால் எல்லா எண்ணும் சேர்ந்தே நின்றுவிடும். சென்னையில் இருக்கும் நண்பர்களிடம் சொல்லி என்ன ஆகும்? அவர்களும் எங்கள் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்த கட்டிலில் குத்தாலத்துக்கார அக்கா ஒருவர். என் அக்காவோடு பல மாதமாகப் பழக்கம். நடந்ததையும் மூன்றாவது எண்ணுக்கு ஆள் தேடுவதையும் அக்கா சொல்லக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

"என் நம்பரைப் போட்டுக்கங்க தம்பி. வேற கம்பெனி. எங்க வீடு ரோட்டு மேலதான், சிக்னல் நல்லா கிடைக்கும். கூப்பிட்டாங்கன்னா எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கிட்டு உங்க வாசலுக்கே வந்துடுவார்."

அவரும் அதே ஆஸ்பத்திரியில் அதே பட்டியலில் இருந்தார். அவருக்கும் அக்காவைப் போலவே ஓ பாசிட்டிவ் இரத்தம்தான். எங்களுக்கு எத்தனை பேர் பின்னால் அவர் பெயர் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போன் எடுக்காமல் போனால் அந்தச் சிறுநீரகம் அவருக்கே போகலாம். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். இரத்தம் ஓடுகிற குழாயோடு இருந்த கையை அவள் அசைக்காமல் வைத்திருந்தாள்.

"என்னடா யோசிக்கிற," என்றாள். "அவங்க நம்பரை அனுப்பு."

அனுப்பினேன்.