சிவனேஸ்வரியின் மோட்டலுக்கு ஏரி வந்தது

மெல்பேர்ன் நகரத்தில் வானளாவ நிற்கும் ஒரு ஹொட்டேலில் சிவனேஸ்வரி பல வருடங்கள் அறைகளைத் துப்புரவு செய்தாள். பிறகு ஒரு மாடி முழுவதற்கும் மேற்பார்வையாளரானாள். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவதில் அவளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் அங்கே தங்குகிறவர்களின் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவர்கள் வெளியே போன பிறகுதான் அவள் உள்ளே போவாள். வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க ஓர் இடம் தனக்கென்று வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அந்த இடம் மல்காராவில் கிடைத்தது. நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில் சிவப்பு மண்ணும் முட்செடியுமாகக் கிடந்த ஊர். ஹைவேயோரம் ஒரு பெற்றோல் செட், ஒரு பப், பழைய மோட்டல் ஒன்று. மோட்டலைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று, அந்தப் பாதையில் லொறி ஓட்டிய அவள் கணவன் கேதீஸ்வரன்தான் பேச்சுவாக்கில் சொன்னான். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“பெற்றோல் அடிக்க மட்டும் நிக்கிற ஊர் அது. ஆர் வந்து தங்கப்போயினம்?”

“நிக்கிற சனத்தை இருக்கப் பண்ணுவம்,” என்றாள் அவள்.

மெல்பேர்னில் நோபல் பார்க்கில் இருந்த வீட்டை மகள் லக்சிகாவின் பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் வண்டியேறினார்கள். முதல் வருடம் லொறிக்காரரும் ரோட்டு வேலைக்காரரும்தான் வந்தார்கள். அவளுடைய ரொட்டிக்கும் சம்பலுக்கும் அவர்கள் மயங்கினாலும், விடிய முன்னமே கிளம்பிவிடுவார்கள். பாதி அறைகள் பூட்டியே கிடந்தன.

மறு வருடம் வடக்கே குவீன்ஸ்லாந்தில் பெருமழை கொட்டியது. அந்த வெள்ளம் ஆற்றோடு மெல்ல மெல்ல இறங்கி, ஊருக்கு வெளியே வற்றி வெடித்துக் கிடக்கும் ஏரியை நிரப்பக்கூடும் என்று பப் நடத்தும் டெனீஸ் சொன்னாள். நிரம்பினால் பறவைகள் வரும், பறவைகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஆனால் பாதிவழியில் மணல் குடித்துவிட்டால் ஒன்றுமில்லை.

சிவனேஸ்வரிக்கு அதற்குப் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அறைகளுக்குப் பெயின்ற் அடித்தாள். லக்சிகாவைக் கொண்டு இணையத்தில் மோட்டலுக்கு ஒரு பக்கம் திறப்பித்தாள். கேதீஸ்வரன் முன்வாசலில் நிழற்கூரை போட்டபடியே, “தண்ணி வராட்டி என்ன செய்வீர்?” என்று கேட்டான்.

“வராட்டிலும் அறை வடிவா இருக்குந்தானே.”

ஒரு காலையில் டெனீஸ் காரின் ஹோர்னை அடித்துக்கொண்டே வந்தாள். ஊரே ஏரிக்கு ஓடியது. தண்ணீர் அலையடித்து வரவில்லை. காய்ந்த புல்லையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நடைபழகும் குழந்தையைப்போல ஊர்ந்து வந்தது. அதற்கு முன்னால் எறும்புகளும் சிலந்திகளும் விழுந்தடித்து ஓடின. மண் வெடிப்புகள் சீறிச்சீறித் தண்ணீரைக் குடித்தன. சிவனேஸ்வரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் இறங்கினாள். மகளுக்கு ஃபோன் எடுத்து, அதைத் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்தாள். “கேக்குதோ, பிள்ளை?” என்றாள்.

கூழைக்கடாக்கள் வந்து இறங்கியபோது ஏரி வெள்ளைவெளேரென்று ஆனது. பின்னாலேயே கார்கள் இழுத்துவரும் கரவன் வண்டிகள் வந்தன, நீண்ட கமெராக்கள் வந்தன, மெல்பேர்னின் டார்னெய்டிலிருந்து தமிழ்க் குடும்பங்களும் வந்தன. ஒரு நீண்ட வாரவிடுமுறையில், எல்லா அறைகளும் நிறைந்திருந்த வேளையில், சிட்னியிலிருந்து ஓய்வுபெற்றவர்களை ஏற்றிய பஸ் ஒன்று வாசலில் நின்றது. அடுத்த ஊரில் அவர்களுக்கு ஒதுக்கிய அறைகளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். கழிவறைக்குப் போய்விட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறோம் என்று சாரதி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவள் விடவில்லை. பப்பின் மேல்மாடியைத் திறக்கச் செய்தாள், ஊர் மண்டபத்தில் மெத்தைகளைப் போடுவித்தாள், தன் படுக்கையறையையும் கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் கம்பளிகளோடு வந்தார்கள். குசினியில் கேதீஸ்வரன் வியர்த்து வழிய ரொட்டி தட்ட, அவள் கோழிக்கறியை அண்டாவில் ஏற்றினாள். அடுத்த நாள் அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் ஏரிக்கரையில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள், பொழுது சாயும்வரை எழும்பவில்லை. இன்னும் ஒரு நாள் தங்கலாமா என்று அவர்களே கேட்டார்கள்.

இப்போது மல்காராவில் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. படகுச் சவாரி இருக்கிறது. கேதீஸ்வரன் லொறியை விட்டுவிட்டு விருந்தினரை மினிபஸ்ஸில் ஏரிக்குக் கூட்டிப்போகிறான். ஏரி திரும்பவும் வற்றும் என்பது சிவனேஸ்வரிக்குத் தெரியும். அதற்காக அவள் சோர்ந்து உட்காரவில்லை. செம்மண் குன்றுகளுக்கு நடைபாதை போடுவது பற்றி டெனீஸோடு இப்போதே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன விடுமுறையில் லக்சிகா வந்து ரிசெப்சனில் நின்றாள். ஃபோன் அடித்தது. “சொறி, வி ஆர் ஃபுல்,” என்று அவள் வைக்கப்போன நேரம் தாய் குறுக்கே பாய்ந்தாள்.

“வைக்காதை பிள்ளை. அடுத்த மாதம் வருவினமோ எண்டு கேள்.”