வெள்ளிக்கிழமை ஒழுகும் வண்டி

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் ஆனந்தகுமாரின் போன் வந்தது. முனிரத்தினம் அதை அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி லில்லி வாசலில் நின்றபடி, "எடுத்துத்தான் தொலையேன்யா. நீ எடுக்கலன்னா ஒழுவுறது நின்னுடுமா?" என்றாள்.

"அண்ணே, திரும்பவும் ஒழுவுது" என்றான் ஆனந்தகுமார். "தறிக்குப் பாவு நூல் போட்டு வெச்சிருக்கிற ரூம் வரைக்கும் பெட்ரோல் நாத்தம். அப்பா கத்திக்கினு இருக்குறாரு. இந்தத் தடவ சரியாவலன்னா, திங்கக்கிழமை லாரில ஏத்தி மெட்ராசுக்கு அனுப்பிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ஓரிக்கை சாலையில் முனிரத்தினம் மெக்கானிக் ஷெட் போட்டு இருபத்தெட்டு வருஷம். அதற்கு முன்பு லாரி ஷெட்டில் டேங்க் கழுவும் வேலை. முசரவாக்கத்தில் அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு டேங்க் ஒழுகினால் ஸ்ரீபெரும்புதூர்க்காரன்கூட இவரைத் தேடித்தான் வருகிறான். ஆனந்தகுமாரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் லாரி மேல் ஏறி, பட்டுக்கடைத் தெரு வழியாகப் போனால், ஊரே நின்று பார்க்கும். முனிரத்தினத்தால் முடியவில்லை என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை.

வண்டியும் லேசுப்பட்டதில்லை. இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உடம்பு. அடியில் படுத்தால் மூக்கு இடிக்கும். முதல் தடவை டேங்கைக் கழற்றி, மூன்று முறை தண்ணீர் நிரப்பிக் கொட்டி, ஒரு நாள் காயவைத்து, தகடுகள் சேருமிடத்தில் துரு பிடித்திருந்த அடித்தையலைப் பற்றவைத்தார். இரண்டாம் தடவை அதே தையலை முழுக்க இன்னொரு சுற்று. டேங்கின் வாய்களையெல்லாம் அடைத்துக் காற்று ஏற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் ஒழுகிற்று.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. லில்லியின் முகப்பவுடரை எடுத்து டேங்க் அடியெல்லாம் தூவிவிட்டுக் காத்திருந்தார். ஈரம் பட்டால் பவுடரில் கோடு விழும். மத்தியானம் வரை ஒரு கோடும் இல்லை. ஸ்பானரைத் தூக்கித் தரையில் போட்டார்.

சாப்பாடு கொண்டுவந்த லில்லி காலி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். "இருந்தது ஒரே டப்பா. அதுவும் இதுக்கு வேணுமா?"

"பேசாம போ லில்லி. நல்லாத்தான் நிக்குது. அந்த ஊட்டுக்குப் போனா மட்டும் ஒழுவுது."

"அதான் நானும் பாக்குறேன், மூணு வாட்டியும் நான் கூட்டத்துக்குக் கெளம்பறப்பதான் போன் வருது. வெள்ளிக்கிழமை வெரதமா இருக்குது அந்தக் காரு?"

கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. இடது கையாலேயே போனைப் போட்டார். "தம்பி, வெள்ளிக்கிழமை ஆனா வண்டிய இன்னா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. கழுவிப் பூ வெப்போம். டேங்க் ஃபுல் பண்ணுவேன். அரிசிப் பானை, உப்பு ஜாடி, எதுவும் வெள்ளிக்கிழமை கொறையா இருக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லும். வண்டியும் வீட்டுப் பொருள்தானே?"

"ஃபுல்லுனா?"

"கழுத்து வரைக்கும். நெறஞ்சி தளும்பணும்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலயே. ஒழுவுற வண்டிய பெட்ரோலோட கொண்டாராதீங்கன்னு சொன்னீங்க. ஓடற அளவுக்கு வெச்சிக்கினு மீதிய எறக்கிட்டுத்தான் கொண்டாந்தேன்."

முனிரத்தினத்துக்குத் திட்ட ஆள் இல்லாமல் போயிற்று. அந்தச் சட்டத்தைப் போட்டவர் அவரேதான். ஒழுகும் வண்டியை ஏறக்குறையக் காலியாக வாங்கி, நிரப்பாமலே சோதித்து, ஒழுகவில்லையே என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவரும் அவரே.

ஷெட்டைச் சுற்றி ஒரு பீடியும் எரியக் கூடாது என்று பக்கத்துக் கடைகளுக்குச் சொல்லிவிட்டு, பெட்ரோல் வாங்கிவரச் செய்து கழுத்து வரைக்கும் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பவுடரில் கோடு விழுந்தது. கீழே தையலில் தொடங்கவில்லை, மேலிருந்து இறங்கிவந்தது. கைக்கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தார். டேங்க் உச்சியில் காற்றுப் போகிற ரப்பர் குழாய், க்ளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. நிறைந்தால் அதன் வழியே வழிந்து, டேங்க் முதுகில் ஓடி, தையலில் வந்து சொட்டும். இரண்டு தடவையும் அந்தக் குழாயைக் கழற்றி மாட்டியது இவர் கைதான்.

ஒரு ஜாண் குழாய். மாற்றக் கால் மணி நேரம் ஆகவில்லை.

சாயங்காலம் வந்த ஆனந்தகுமார் பழைய குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப டேங்க் ரெண்டு வாட்டி பத்த வெச்சது?"

துரு இருந்தது உண்மை, எப்படியும் பற்றவைத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கலாம். பையன் நம்பியிருப்பான்.

"தெண்டம்" என்றார் முனிரத்தினம். "டேங்க்ல ஓட்டையே இல்ல. நாந்தான் மேல பாக்கல."

ஆனந்தகுமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லாரிக்காரனுக்கு வேணாம்னு சொல்லிடறேண்ணே" என்றான். "அப்ப இனிமே முக்கால் டேங்க்கோட நிறுத்திக்கவா?"

"ஏன், உங்கம்மா என்னைத் திட்டவா? தளும்பத் தளும்ப ஊத்துங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து கீழ படுத்துப் பாக்குறேன்."

ஷெட்டை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து லில்லி குரல் கொடுத்தாள். "அந்தத் தம்பிய அடுத்த வாட்டி வரும்போது ஒரு பவுடர் டப்பா வாங்கிக்கினு வரச் சொல்லு."