டயல்-அப்பை விடாத நாலு வீடு

வீடு வீடாக ஏறி நெட் கனெக்சன் விற்பவர்களுக்கு வாயைவிடக் காதுதான் அதிகம் வலிக்கும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

போன மாதம் எங்கள் மேனேஜர் அண்ணாச்சி என்னிடம் நாலு முகவரி கொடுத்தார். இன்னமும் டெலிபோனில் டயல் பண்ணி, 'கீ... கர்ர்ர்' சத்தம் கேட்டு, நெட் பார்க்கிற வீடுகள். நாலு பேரையும் புதுக் கேபிளுக்கு மாற்றினால் சேர்மாதேவி ஆபீசில் எனக்கு நாற்காலி. இல்லையென்றால் தினமும் திருநெல்வேலிக்கு பஸ்தான். சேர்மாதேவியில் பால்வாடி விட்ட பிறகும் என் மகள், நான் வருகிறவரை டீச்சர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விடுவேனா நான்?

செடிக்குத் தண்ணீர்

வீரவநல்லூரில் ஓய்வுபெற்ற கணக்கு சார். "ஒரு பக்கம் தொறக்கதுக்குள்ள நாலு செடிக்குத் தண்ணி ஊத்திருவேன். ஒன் கேபிளு வந்தா நான் நாற்காலிய விட்டு எந்திரிப்பேனா?" என்றார். தண்ணீர் ஊற்றிவிட்டே கம்ப்யூட்டர் சுவிட்சைப் போடுங்கள் சார் என்றேன். கொஞ்சநேரம் மனக்கணக்குப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"செவ்வந்தி வாடுச்சுன்னா நீதான் வந்து தண்ணி ஊத்தணும், பாத்துக்க!"

ஓட்டைக்குள் பல்லி

கல்லிடைக்குறிச்சி பலசரக்குக்கடை அண்ணாச்சி புதுச் சுவரைத் துளைக்கவே கூடாது என்றார். சரி, டெலிபோன் கம்பி வருகிற பழைய ஓட்டை வழியாகவே விடுகிறோம் என்று வாயைக் கொடுத்தேன். அவர் மனைவி பதறிவிட்டார். அந்த ஓட்டையில்தான் வீட்டுப் பல்லி இருக்கிறதாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். எந்த ஜாதகம் வந்தாலும் அது 'இச் இச்' என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. கேபிள் போட்டு அதை விரட்டலாமா?

கடைசியில் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். கேபிள் போடும் தேதிக்கு நேராக 'நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள்' என்று அண்ணாச்சியே எழுதினார்.

"அதுவரைக்கும் பல்லிதாம்மா எங்களுக்கு நெட்டு."

முகம் வேண்டாம்

பத்தமடை மரியம் லாத்தாவின் வீட்டுக்காரர் துபாயில். வாரம் ஒரு மெயில். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டெலிபோனில் பேச்சு. செல்லில் முகம் பார்த்துப் பேசலாமே என்று அவர் கேட்டால், தெருவில் சிக்னல் இல்லை என்று லாத்தா சொல்லி வைத்திருக்கிறார். என் செல்லில் நாலு கோடு நிறைய சிக்னல் நின்றது. நான் அதைப் பார்த்ததை லாத்தாவும் பார்த்துவிட்டார்.

கம்ப்யூட்டருக்குக் கேமரா வாங்காவிட்டால் எந்த கேபிளும் முகத்தைக் காட்டாது லாத்தா என்றேன். இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

"குரல்ல சிரிச்சுச் சமாளிச்சிருவேம்மா, மொகத்தப் பாத்தாகன்னா அடுத்த பிளைட்டப் புடிச்சிருவாக."

எங்கேஜ்டு

நாலாவது வீடு அம்பாசமுத்திரம் ரோட்டில். செண்பகம் அக்கா நீர்மோர் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு ஆபீசுல இருந்து அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கூப்பிடுவாரு. கேஸை அணைச்சியா, மோட்டாரப் போட்டியா... காலைல நெட்டைப் போட்டு விட்டேம்னா சாயங்காலம் வரை லைன் எங்கேஜ்டு. நான் பாட்டுக்கு ரவிக்கை தைப்பேன்."

"செல்லுல கூப்பிட மாட்டாகளா?"

"அது அரிசிப் பானைக்குள்ள கெடக்கு."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், சுவரில் கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளைக் கோலத்தில், தலை நிறைய முடியோடு எங்கள் மேனேஜர் அண்ணாச்சி! என் முகம் போன போக்கைப் பார்த்து அக்காவுக்கும் புரிந்துவிட்டது.

"போட்டுக் குடுத்திராத தாயி!"

நாற்காலி

மறுநாள் மூன்று விண்ணப்பங்களை அண்ணாச்சி மேஜையில் வைத்தேன். "நாலாவது?" என்றார். உண்மையைச் சொன்னால் கையெழுத்து அன்றைக்கே வந்துவிடும், நாற்காலியும் வரும். ஆனால் அந்த நீர்மோர் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

"பழகிப் போச்சாம், மாத்த மனசில்லையாம் அண்ணாச்சி."

அவர் பெருமூச்சு விட்டார். "நானே கேட்டுத் தோத்த வீடும்மா அது. மூணு வாங்குனதே பெரிசு, திங்கக்கெழம சேர்மாதேவிக்குப் போயிரு. ஆனா ஒண்ணு. எங்க வீட்டுக்காரி நெட்டு ஒரு மணி நேரந்தான் பாக்கேங்கா, லைனு நாள் பூரா எங்கேஜ்டு. அங்கன என்ன கோளாறுன்னு நீதான் கண்டுபுடிச்சுச் சொல்லணும்."

இப்போது என் மகள் டீச்சர் முந்தானையை விட்டுவிட்டாள். நான்தான் அந்தக் கோளாறை இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறேன்.