மூடிய பிறகும் ஓடிய ப்ரோக்ராம்

இப்போதெல்லாம் எந்த சாஃப்ட்வேரை மூடினாலும் அது நிஜமாகப் போவதில்லை. ஸ்கிரீனில் கீழே, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் படமாக உட்கார்ந்துகொள்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் இன்னமும் மனசு உறுத்தும். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

1. தமிழ் வரவில்லை

தொண்ணூறுகளின் பின்பாதி. விண்டோஸ் 95 ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த நேரம். தி.நகரில் பனகல் பார்க் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் எங்கள் கம்பெனி. நாலு பேர், ரெண்டு மெஷின், ஒரு ஏ.சி. அந்த ஏ.சி.யும் மெஷினுக்குத்தான், எங்களுக்கில்லை. ஆனாலும் அந்த மாடியை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. நாங்கள் விற்றது தமிழ் டைப் அடிக்கும் ப்ரோக்ராம். அது ஓடிக்கொண்டிருந்தால் இங்கிலீஷ் கீபோர்டில் தட்டுவதெல்லாம் தமிழாக விழும். மூடினால் பழையபடி இங்கிலீஷ். எழுதியது நான்.

முதல் வெர்ஷனில் எக்ஸ் பட்டனை அழுத்தினால் ப்ரோக்ராம் மூடிக்கொள்ளும். நியாயம்தானே? ஆனால் ஆபரேட்டர்களுக்கு ஸ்கிரீனில் எங்கள் விண்டோ இடைஞ்சல். எக்ஸை அழுத்திவிட்டு டைப் அடிப்பார்கள், இங்கிலீஷ் விழும், உடனே ஃபோன். கோடம்பாக்கத்தில் சினிமா போஸ்டர் வேலை செய்யும் கடை ஒன்றிலிருந்து தினம் ஒரு கால் வந்துவிடும். "இன்னா சார், தமிழ் வர்ல. காலைலேர்ந்து குந்திக்கினு கீறோம்."

முதலாளி சேகர் சார் நல்ல மனுஷன், ஆனால் ஃபோன் மணி அடித்தாலே அவருக்கு முகம் சிவந்துவிடும். "யோவ் பாலு, இந்த ஃபோன் நிக்கணும். என்ன பண்ணுவியோ, எனக்குத் தெரியாது."

ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன். எக்ஸை அழுத்தினால் விண்டோ மட்டும் மறையும், ப்ரோக்ராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் 'அ' என்று ஒரு குட்டிப் படம். ஃபோன் நின்றது. சேகர் சார் எல்லாருக்கும் மசால் தோசை வரவழைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உபயோகிக்கிற ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. மேனுவலில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. எவன் படிக்கப் போகிறான் என்ற திமிர்தான், வேறென்ன.

2. மயிலாப்பூர் வக்கீல் ஆபீஸ்

கொஞ்ச நாளில் ஒரு காலை, மயிலாப்பூரிலிருந்து எங்கள் கஸ்டமர் வக்கீல் ஒருவர் கூப்பிட்டார். பாகப்பிரிவினைப் பத்திரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஃபைல் திறக்க மாட்டேனென்கிறது, மத்தியானம் ரிஜிஸ்ட்ரேஷன். கிளம்பும்போது சேகர் சார் படி வரைக்கும் வந்தார். "நம்ம சாஃப்ட்வேர் மேல பழி வராம பாத்துக்கோ. ஒரு வக்கீல் வேணாம்னா பத்து வக்கீல் வேணாம்பாங்க."

போனால், அங்கே டைப்பிஸ்ட் செல்வி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அடையாறு ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து வருகிற பெண், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்திக்கு சாயங்காலம் லீவு கேட்டா, முடியாதுன்னேன்" என்றார் வக்கீல். "கார்த்தால வந்து பார்த்தா ஃபைல் பூட்டிண்டு கெடக்கு. நான் குடுத்த பாஸ்வேர்டை மாத்திப் போட்டுட்டா. இல்லேங்கறா. இன்னிக்கு இது தொறக்கலேன்னா இவ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"நான் ஒண்ணும் மாத்தல சார்" என்றாள் செல்வி. "அவரு எழுதிக் குடுத்த ஆறு எழுத்தத்தான் அடிச்சேன்."

அந்த ஆறு எழுத்து வக்கீலின் டைரியில் இருந்தது. நானும் அடித்துப் பார்த்தேன். தப்பு என்றது.

"நேத்து என்ன செஞ்சியோ, அதை அப்படியே செஞ்சு காட்டும்மா" என்றேன். உட்கார்ந்தாள். எங்கள் ப்ரோக்ராமைத் திறந்தாள். புதுசாக ஒரு ஃபைலில் தமிழில் ரெண்டு வரி அடித்தாள். "அப்பறம் தமிழ மூடினேன்" என்று எக்ஸை அழுத்தினாள். "அப்பறம் பாஸ்வேர்டு போட்டேன்."

கடிகாரத்துக்குப் பக்கத்தில் 'அ' இருந்தது.

அவள் இங்கிலீஷ் எழுத்தைத்தான் தட்டியிருக்கிறாள். பின்னால் ஒளிந்திருந்த என் ப்ரோக்ராம் அதைத் தமிழ் எழுத்தாக மாற்றிப் போட்டிருக்கிறது. பாஸ்வேர்டு கட்டத்தில் எல்லாமே நட்சத்திரமாகத்தான் தெரியும், அவள் எங்கே கண்டாள்? காலையில் மெஷினை மறுபடி ஆன் செய்தபோது தமிழ் ஓடவில்லை. அதே ஆறு எழுத்து இப்போது இங்கிலீஷ். பூட்டு எப்படித் திறக்கும்?

'அ' ஓடும்போதே பத்திரத்தின் ஃபைலை எடுத்து அதே ஆறு எழுத்தைத் தட்டினேன். திறந்துகொண்டது.

"அப்பாடா. என்னய்யா ஆச்சு?" என்றார் வக்கீல்.

நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. "ஏதோ கீபோர்டு மாறியிருக்கு சார்" என்றேன்.

அவர் செல்வி பக்கம் திரும்பினார். "பாத்தியா? கண்ட பட்டனை அமுக்கியிருக்கே."

செல்வி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நான் மூடினத நீங்க பாத்தீங்கல்ல சார்? மூடினப்பறமும் ஓடும்னு எங்கனா எழுதிக் கீதா?"

எங்கேயும் எழுதவில்லை. அதற்கு மேல் மழுப்ப என்னால் முடியவில்லை. "சார், அவங்க மேல தப்பே இல்ல. எங்க ப்ரோக்ராம் தப்பு. மூடினாலும் ஓடற மாதிரி நான்தான் வெச்சேன்" என்று வக்கீலிடம் சொன்னேன்.

"சரி சரி, ப்ரிண்ட் எடு" என்றார் அவர். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பர் போட்டாள். ரிஜிஸ்ட்ரேஷன் நடந்தது. வேலையும் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

3. ஒரு கேள்வி

சேகர் சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் ப்ரோக்ராமை மாற்றினேன். எக்ஸை அழுத்தினால் தமிழில் கேட்கும்: 'முழுதாக மூடவா, பின்னால் ஓடவா?' ரெண்டு பட்டன், எது வேண்டுமோ ஆபரேட்டர் அழுத்தட்டும்.

சில மாசம் கழித்து, தேனாம்பேட்டையில் ஒரு டி.டி.பி. சென்டருக்குப் புது வெர்ஷன் போடப் போனேன். மெஷின் முன்னால் செல்வி. வக்கீல் ஆபீஸை விட்டுவிட்டாளாம். கேள்வியைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லா கீது சார்" என்றாள்.

"அங்கே ஏம்மா விட்டே? அதான் தப்பு உன்னுதில்லைன்னு ஆயிடுச்சே?"

"நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. ஆனா அவராண்ட சொன்னீங்க. திருடி மாதிரி நின்னது நானு. என்னாண்ட அவரும் ஒரு வார்த்த சொல்லல, நீங்களும் சொல்லல."

சுருக்கென்றது. நினைத்துப் பார்த்தால் அன்றைக்கு நான் தப்பை ஒத்துக்கொண்டது கஸ்டமரிடம். இவள் ஒருத்தி அங்கே இருந்ததே என் கணக்கில் வரவில்லை. ப்ரோக்ராம் எழுதும்போதும் அப்படித்தான். ஃபோன் பண்ணினவர்கள் கண்ணில் பட்டார்கள், எக்ஸை அழுத்தப்போகிற விரல் கண்ணில் படவில்லை. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஒருத்தர் மூடு என்று சொன்னால், மூடணுமா என்று அவரைக் கேட்டுக்கொள். தப்பு நடந்தால், அது யார் தலையில் விழுந்ததோ அவரிடம் போய்ச் சொல்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். பிறகு, "சரி சார், இன்ஸ்டால் பண்ணுங்க. வேல நிக்குது" என்றாள்.