மணிக்கூண்டுக் கல்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் மில்லிமீட்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் கிடையாது. நகராட்சியின் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறாள். எந்தத் தெரு எவ்வளவு உயரம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அளந்து தாளில் ஏற்றுவது அவள் வேலை. வீட்டில் ஒரு படம் மாட்டினால்கூட ரசமட்டம் வைத்துப் பார்ப்பாள். அவளோடு குடும்பம் நடத்தும் என் மாமாவுக்குச் சிலையே வைக்கலாம்.

நான் தபால்காரன். அவள் கருவியால் அளந்த ஊரை நான் முழங்காலால் அளந்தவன்.

அந்தத் தாள்கள் எல்லாம் ஓர் இரும்பு பீரோவில் கிடந்தன. பார்க்க வேண்டுமென்றால் மனு எழுதி மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது, எந்த வழி மேடு என்று கேட்டுத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் வந்தது. பீரோ சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். வண்டி குத்துமதிப்பாக ஒரு வழியில் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டது. அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

"பூட்டி வச்ச படத்துக்கும் வரையாத படத்துக்கும் என்னடா வித்தியாசம்?" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். மேலதிகாரிக்கு அரை மனசுதான். "ஜனங்க கையில குடுத்தா குத்தம் கண்டுபிடிப்பாங்கம்மா" என்றாராம். "கண்டுபிடிக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நானூற்றுச் சொச்சம் தாள்களை ஸ்கேன் செய்து, அத்தனை உயரங்களையும் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தாள். தெருவைத் தொட்டால் உயரம் வரும். போன வெள்ளம் கடல்மட்டத்திலிருந்து எட்டரை மீட்டர் வரை ஏறியிருந்தது. அதற்குக் கீழே உள்ள இடமெல்லாம் நீலம், மேலே உள்ளதெல்லாம் வெள்ளை.

இந்த வருடம் மழைக்கு முன்னால் பேரிடர்க் குழு அந்தப் படத்தைப் பார்த்து, தெற்குத் தெருக்காரர்களுக்கு அங்கே உள்ள தொடக்கப் பள்ளியை முகாமாக அறிவித்தது. ஒன்பதரை மீட்டர், பளிச்சென்று வெள்ளை. பெருமழை வர ஐந்து நாள் இருந்தது. டீ குடித்துக்கொண்டே போனில் பார்த்த எனக்கு எங்கேயோ இடித்தது.

"அக்கா, தபால் ஆபீஸ்லேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப நான் மிதிக்கிறதே இல்ல. சைக்கிள் தானா உருளும். திரும்பி வர்றப்பதான் நாக்கு தள்ளும்."

"அதுக்கென்ன இப்ப?"

"உன் படத்துல பள்ளிக்கூடம் மேட்டுல இருக்கு, தபால் ஆபீஸ் பள்ளத்துல இருக்கு."

"உன் முழங்காலுக்கு மில்லிமீட்டர் தெரியுமா?" என்று சீறினாள். ஆனால் மறுநாள் காலையில் அலுவலகம் திறந்ததும் சாவி வாங்கிப் பீரோவைத்தான் முதலில் திறந்தாள்.

தெற்குத் தெருக்களின் ஏழு தாள்கள் மற்றவற்றைவிட அகலம். ஸ்கேனரில் அடங்காததால் ஓரத்தை மடித்துவிட்டு ஏற்றியிருந்தாள். மடித்த ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'மணிக்கூண்டுக் கல் பத்து மீட்டர் என வைத்துக்கொள்ளப்பட்டது.' கடல்மட்டத்திலிருந்து அளந்துவர நேரமில்லாத அந்தக் காலத்து அளவையாளர், கணக்குச் சுலபமாக இருக்க ஒரு முழு எண்ணை வைத்துக்கொண்டு வேலையை முடித்திருக்கிறார். மணிக்கூண்டின் அடியில் நட்டிருக்கும் அந்த அளவைக் கல் உண்மையில் கடல்மட்டத்திலிருந்து எட்டு மீட்டரில்தான் இருக்கிறது. தெற்குத் தெருக்கள் முழுவதும் படத்தில் இரண்டு மீட்டர் தூக்கி நின்றன; வேறு தாளில் இருந்த தபால் ஆபீஸ் மட்டும் சரியான உயரத்தில் நின்றது.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் காகிதத்தை நம்பவில்லை. கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் அளவுகோலைப் பிடித்தேன். மத்தியானத்துக்குள் முடிவு தெரிந்தது: பள்ளிக்கூடத்துத் தரை ஏழரை மீட்டர்தான். போன வெள்ளம் போல வந்தால் வகுப்பறைக்குள் ஒரு மீட்டர் தண்ணீர்.

"படத்தை எடுத்துடுங்க. முகாமை ஏதாவது காரணம் சொல்லி மாத்திக்கலாம். வெளிய தெரிஞ்சா உங்க வேலைக்கே ஆபத்து" என்றார் மேலதிகாரி.

"காரணம் சொல்லாம மாத்தினா பாதிப் பேரு பழைய இடத்துக்குத்தான் போவாங்க சார். தப்பு என்னுது. நானே சொல்லிடறேன்."

அன்று மாலையே அதே படத்தில் தெற்குத் தெருக்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு எழுதினாள்: 'இந்த உயரங்கள் தவறு. தவறு செய்தது நான். பள்ளிக்குப் போகாதீர்கள், அங்கே ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கும். வேறு தவறு தெரிந்தால் கூப்பிடுங்கள்.' கீழே தன் கைப்பேசி எண்.

போன் ஓயவில்லை. முதல் பத்துப் பேர் திட்டித் தீர்த்தார்கள். பதினோராவது ஆள் சிலிண்டர் போடுகிறவர், எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று சொன்னார். அப்புறம் பால் வண்டிக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சாக்கடை அடைப்பு எடுப்பவர். இரண்டே நாளில் நாற்பத்தேழு திருத்தங்கள். அத்தனையையும் நேரில் போய் அளந்து ஏற்றினாள். முகாம் பதினோரு மீட்டர் உயரத்தில் உள்ள தானியக் கிடங்குக்கு மாறியது. இம்முறை எங்கே போக வேண்டும் என்பதோடு ஏன் போக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மழை சொன்ன நாளில் வந்தது. அறுநூற்றுப் பதினெட்டுப் பேர் காலையிலேயே கிடங்குக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அதில் மேலதிகாரியின் மாமியாரும் உண்டு, நாற்காலி சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு. தீயணைப்பு வண்டி ஓட்டுநர் போனில் அக்காவின் படத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஓர் இடத்திலும் வண்டி நிற்கவில்லை. ஒரு உயிரும் போகவில்லை. பீரோ சாவியை மேலதிகாரி தானே கொண்டுவந்து அக்கா மேசையில் வைத்தார். "உள்ள மிச்சமிருக்கற சாக்கடைப் படங்களையும் ஏத்திடுங்கம்மா" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அக்கா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பறைச் சுவரில் சேற்றுக் கோடு நேராகப் படிந்திருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைக்கு அது கழுத்துக்கு வரும். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அளவுகோலை நேராப் பிடிடா" என்றாள். குனிந்து பார்த்தாள். "ஒரு மீட்டர் நாலு சென்டிமீட்டர். நான் படத்துல ஒரு மீட்டர்னு போட்டிருந்தேன்."

அங்கேயே நின்று போனை எடுத்துப் படத்தில் திருத்தினாள்.